வயிற்றுவரி

திங்கட்கிழமை இரவு, புட்டைக் கத்தரிக்காய்க் குழம்போடு குழைத்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து, மனுசி பதினொரு தாள்களைக் கொண்டுவந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, உது உங்கட வேலையோ?"

எது கேட்டாலும் முதலில் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பது என் வழக்கம். "இல்லை" என்றேன். பிறகுதான் தாளைப் பார்த்தேன். கொம்பியூட்டரில் தமிழ் அடிக்கிற அழகான பாமினி எழுத்துரு. இரண்டு பக்கமும் அளவான ஓரம். திகதி வலது பக்க மூலையில். இவ்வளவு ஒழுங்காகக் கடிதம் ரைப் பண்ணுகிற ஆள் எங்கள் ஊரில் ஒருவன்தான் இருக்கிறான் என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. வாசித்தேன்.

"எனது மகன் கடும் வயிற்றுவரி காரணமாக வியாழன், வெள்ளி ஆகிய இரு நாட்களும் பாடசாலைக்குச் சமூகமளிக்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகின்றேன்."

அடுத்த தாளிலும் கடும் வயிற்றுவரி. அதற்கடுத்த தாளிலும் அதே. எட்டாம் ஆண்டில் ஒரு கிரிக்கெட் அணிக்கே வயிற்றுவரி. கீழே பதினொரு தகப்பன்மாரின் கையெழுத்து, அதில் ஏழு பேர் ஒரே பேனையால், ஒரே சாய்வில், ஒரே சுழியோடு போட்டிருந்தார்கள்.

விறாந்தையில் இருந்து அம்மா எட்டிப்பார்த்தார். "என்னவாம் தம்பி, வயித்துக்கும் வரி போட்டிட்டாங்களோ?"

2024 தையில் வற் வரியை 18 வீதமாக்கியதில் இருந்து அம்மா எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. சோப்பு வாங்கினாலும் பில்லைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு. "சாப்பிடுற வாய்க்குப் போடுவாங்கள் எண்டு பார்த்தன், நேர வயித்துக்கே போட்டிட்டாங்கள்" என்று வெற்றிலையை மடித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வரி கட்டுவது என்று பெயர். இன்று காலையும் "தம்பி, இடியப்பம் இருக்கு, வரியைக் கட்டிப்போட்டுப் போ" என்றுதான் கூப்பிட்டார்.

சனசமூக நிலையத்துச் சனிக்கிழமை ரைப்பிங் வகுப்பு என் தலையில் விழுந்த கதை இதுதான். சனசமூக நிலையத் தலைவர் அண்ணை "சும்மா ஒரு மணித்தியாலம், தம்பி" என்று சொன்னதும், நான் வழக்கம்போல முதலில் "இல்லை" சொன்னதும், அவர் அதைக் காதில் போடாமல் திறப்பை என் கையில் வைத்துவிட்டுப் போனதும். ஆறு கொம்பியூட்டர். நாலு கனடாவில் இருந்து வந்தவை, நல்ல பிள்ளைகள். மற்ற இரண்டும் பிரான்சில் இருந்து. அவற்றின் கீபோர்டில்தான் சனி குந்தியிருக்கிறான்.

பிரெஞ்சுக்காரனுடைய கீபோர்டில் கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும், ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருக்கும். டபிள்யூவும் இசட்டும் அதே மாதிரி வீடு மாறிக் குடியிருக்கும். எம் கீழ் வரிசையை விட்டு எல்லுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். உள்ளே நான் நாங்கள் பாவிக்கிற ஒழுங்கைப் போட்டுவிட்டேன், ஆனால் கட்டையில் அச்சடித்திருப்பதை மாற்ற முடியுமா? ஏயைப் பார்த்து அடித்தால் கியூ விழும். முதல் நாள் ஒரு பெட்டை தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, "சேர், இது என்ர பேர் இல்லை" என்று அழாத குறையாக நின்றாள். எந்த ஏயையும் தொட்டால் கியூ, எந்தக் கியூவையும் தொட்டால் ஏ.

இதில் ஒரு நன்மையும் நடந்தது. கீபோர்டைப் பார்க்காதே, பார்க்காதே என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத பிள்ளைகள், பிரான்ஸ் கீபோர்டில் இருந்த இரண்டு கிழமையிலேயே பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பார்த்தால் பிழை, பார்க்காவிட்டால் சரி. எஃப்பிலும் ஜேயிலும் இருக்கிற சின்ன மேட்டை ஆட்காட்டி விரலால் தடவிப் பிடித்துக்கொண்டு, முகட்டைப் பார்த்தபடி அடிக்கிறார்கள். இப்போது அந்த இரண்டு கதிரைக்கும் அடிபாடு.

ஃபோனில் இந்தப் பிள்ளைகளின் பெருவிரல் இரண்டும் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்கும். அதே பிள்ளையைக் கீபோர்டுக்கு முன்னால் இருத்தினால், ஒரு விரலை நீட்டிக்கொண்டு கோழி நெல்லுப் பொறுக்குவதுபோலக் கொத்தும். மற்ற ஒன்பது விரலும் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் முதல் மாதம் முழுக்க மந்திரம்தான். இடது கைக்கு ய ள ன க, வலது கைக்கு த ம ட புள்ளி. ஏழாம் ஆண்டுப் பெட்டை ஒருத்தி இதைத் தேவாரப் பண்ணில் பாட, மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து பாட, ஒழுங்கையால் போன ஐயர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பாமினியைப் படிப்பிப்பது தனி வேதனை. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கிலக் கட்டைக்குள் ஒளிந்திருக்கும்.

"சேர், அ எங்க?"

"எம்மில."

"எம் எங்க?"

"பிரான்ஸ் கீபோர்டோ கனடா கீபோர்டோ?"

இந்த உரையாடலுக்கு நடுவில் யாராவது பெற்றோர் வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கொம்பியூட்டருக்குக் கொண்டுபோனால் அம்மா காணாமல் போய், அந்த எம்மும் கேயும் அரைப்புள்ளியும்தான் பல்லைக் காட்டும். யூனிகோட் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, யூனிகோட்டில் அடிக்கிற ரெங்கநாதன் விசைப்பலகையும் கிட்டத்தட்ட இதே ஒழுங்குதான், அதையும் காட்டித்தான் கொடுக்கிறேன். ஆனால் சந்தியில் இருக்கிற கொமினிக்கேஷன் கடையில் கலியாணக் கார்ட் தொடங்கிக் கண்ணீர் அஞ்சலி வரை பாமினியில்தான் ஓடுகிறது. நாளைக்குப் பிள்ளை அங்கே வேலைக்குப் போனால் என்ன செய்யும்?

"ஃபோனிட்டக் கதைச்சால் அதுவே எழுதுது சேர், பிறகேன் ரைப்?" என்று ஒருவன் கேட்டான். அந்தச் சுழியன்தான், இந்தக் கதைக்குக் காரணமானவன். எனக்குப் பதில் இல்லை. அதனால் "கதைக்காமல் இரு" என்றேன். அவன் விடவில்லை, ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்து "பெடியள் எல்லாரும் வந்திட்டினம்" என்றான். அது "பெட்டிகள் எல்லாரும்" என்று எழுதி, கடைசிச் சொல்லை என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ் அன்று என் மானத்தைக் காப்பாற்றியது.

தமிழுக்குத் தட்டச்சு பண்ணிக் கொடுத்தவரே நம்மூர் ஆள், சுண்டுக்குளியில் 1886 இல் பிறந்த முத்தையா, 247 எழுத்தை ஒரு மெசினுக்குள் எப்படி அடக்குவது என்று மலாயாப் பக்கம் போய் இருந்து மண்டையை உடைத்தவர் என்று ஒரு நாள் சொன்னேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு சுழியன், "அவர் சுண்டுக்குளி எண்டால் ஏன் சேர் அ வை எம்மில வைச்சவர்?" என்றான். முத்தையாவின் மெசினில் எம்மே இல்லையடா என்று விளங்கப்படுத்துவதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது.

நான் பழகியது அந்த மாதிரி மெசினில்தான். 1993. சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம், அதனால் கரண்ட் தேவைப்படாத படிப்பாகப் பார்த்து அப்பா ரைப்பிங்குக்கு அனுப்பினார். மாஸ்ரரின் வீட்டு முன் அறை, ஜன்னலோரம் மூன்று மெசின். வெளிச்சம் மங்கினால் வகுப்பு முடிந்தது. பேப்பர் தட்டுப்பாடு எப்படி என்றால், பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்து வந்தது. மாஸ்ரர் எங்களுக்கு ஒரு பக்கம் எழுதிய பழைய தாளைத் தருவார், பின்பக்கத்தில் அடிக்க வேண்டும். புள்ளி விழும் எழுத்துக்கு முதலில் புள்ளியை அடிப்போம், வண்டி நகராமல் நிற்கும், பிறகு எழுத்து வந்து அதற்குக் கீழே விழும். ரிபனைத் திருப்பித் திருப்பிப் போட்டு எழுத்து ஆவி மாதிரித் தெரியும். ஆனாலும் ஒரு பிழை என்றால் மாஸ்ரர் பேப்பரைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துச் சொல்லிவிடுவார்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு நாள் மாஸ்ரர் தண்ணி அள்ளக் கிணற்றடிக்குப் போன நேரம், அப்பா எழுதுவதுபோல ஒரு லீவுக் கடிதம் அடித்தேன். காய்ச்சல் என்று. மெசினில் இருந்து இழுக்க முதல் மாஸ்ரர் பின்னால் வந்து நின்றார். காது பிய்ந்தது என்று நினைத்தேன். அவர் தாளை உருவி, ஜன்னலுக்குப் பிடித்து வாசித்தார். சிவப்புப் பேனையை எடுத்து "காச்சல்" என்று நான் அடித்திருந்ததைச் சுழித்தார். புதுத் தாள், இரண்டு பக்கமும் வெள்ளையான தாள், ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பிழையில்லாமல் அடி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

95 இல் ஊரோடு இடம்பெயர்ந்த இரவு அவர் சைக்கிள் கரியரில் ஒரு மெசினைச் சாக்கால் சுற்றிக் கட்டிக்கொண்டு செம்மணிப் பக்கம் போனதைக் கண்டேன். மாமி பின்னால் பானையோடு ஏசிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு காணவில்லை.

சரி, வயிற்றுவரிக்கு வருவோம். கடிதம் அடிக்கப் பழக்குவதற்காக மாசி மாதம் நான் ஒரு மாதிரிக் கடிதம் அடித்து எல்லாக் கொம்பியூட்டரிலும் போட்டுவைத்தேன். பெயருக்கும் திகதிக்கும் இடம் விட்டு. பாமினியில் ல இருப்பது வையில், ர இருப்பது யூவில், இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டுக்கும் பொறுப்பு வலது ஆட்காட்டி விரல்தான். என்னுடைய வலது ஆட்காட்டி விரல், முப்பது வருட அனுபவமுள்ள விரல், அன்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. நான் திருப்பி வாசிக்கவில்லை. மூன்று கிழமை பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

பங்குனியில் வடக்கின் பெரும் சமர் வந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 இல் தொடங்கிய கிரிக்கெட் மட்ச், அவர்கள் விளையாடினால் ஊரில் எல்லாப் பள்ளிக்கூடத்துப் பெடியளுக்கும் காய்ச்சல் வரும். மனுசியின் வகுப்பில் பதினொரு பேர் இரண்டு நாள் மைதானத்து மதிலில். திங்கட்கிழமை எல்லாரும் கடிதத்தோடு வந்திருக்கிறார்கள்.

மனுசி தமிழ் ரீச்சர். பொய்க் கடிதத்தை மன்னித்தாலும் மன்னிப்பாள், ரகர லகரத்தை மன்னிக்க மாட்டாள். பதினொரு பேரையும் "வயிற்றுவலி" என்று நூறு தரம் கையால் எழுத வைத்துவிட்டாள். "உங்களுக்கும் நூறு தரம் எழுதத் தந்தால் என்ன?" என்றாள் என்னிடம். நான் புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகச் சம்பளப் பட்டியல் அடித்து ஓய்ந்துபோன கைக்குப் பேனை பிடித்து நூறு தரம் எழுத வராது என்பது அவளுக்கும் தெரியும்.

இன்று காலை வகுப்பில் விசாரணை. விசாரிக்கவே தேவையில்லை, எல்லாரும் சுழியனைப் பார்த்தார்கள். பென்டிரைவில் கொண்டுபோய்ச் சந்திக் கடையில் பிரின்ட் எடுத்திருக்கிறான். தாளுக்கு 20 ரூபாய் செலவு, 50 ரூபாய்க்கு விற்பனை. கையெழுத்து வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 20, அந்த ஏழு தகப்பன்மாரும் இவன்தான்.

"நீ எத்தின நாள் மட்ச் பார்த்தனி?"

"நான் போகேல்ல சேர். எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. ரெண்டு நாளும் பள்ளிக்கூடம் போனனான்."

உண்மைதான். மனுசியின் இடாப்பில் இரண்டு நாளும் வந்திருக்கிறான்.

"விற்க முதல் ஒருக்கா வாசிச்சுப் பார்த்திருக்கலாமேயடா?"

"உங்கட கடிதம் எண்டபடியால் பிழை இராது எண்டு நினைச்சன் சேர்."

இதற்கு என்ன சொல்வது? "கதைக்காமல் இரு" என்று கூடச் சொல்ல வரவில்லை. கொஞ்ச நேரம் பங்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதுதான் இவனுக்கும்.

பிள்ளைகள் போன பிறகு ஜன்னல்களைச் சாத்தினேன். சுழியன் மட்டும் போகாமல் கதவடியில் நின்றான், தண்டனை இன்னும் வரவில்லை என்று. நான் ஜன்னலோரம் இருக்கிற பிரான்ஸ் கொம்பியூட்டரைத் திரும்பவும் போட்டு மாதிரிக் கடிதத்தைத் திறந்தேன். அவன் மெல்ல வந்து பின்னால் நின்றான். முதல் வசனத்திலேயே இருந்தது. ரியை அழித்து, எஃப்பையும் ஜேயையும் தடவிப் பிடித்துக்கொண்டு, வலது ஆட்காட்டி விரலை இந்தத் தரம் யூவுக்கு விடாமல் வைக்கு நீட்டி, லியை அடித்து, சேவ் பண்ணினேன்.

இதை மனுசிக்கு ஒருவரும் சொல்ல வேண்டாம்.