கோத்தகிரிப் பனியில் பிரித்த எஞ்சின்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போதெல்லாம் என் பழைய மாருதி 800 நீலப் புகை கக்கியது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகை, வண்டி வாங்கிய விலையில் பாதி. சரி, நாமே பிரிப்போம் என்று இறங்கினேன்.

796 சிசி, மூன்றே சிலிண்டர். மச்சானும் நானும் கயிறு கட்டி எஞ்சினை இறக்கிவிட்டோம்.

கோவை லேத்தில் சிலிண்டரை ஹோனிங் செய்து (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கி) கொண்டுவந்த இரவு, ஆயில் தடவாமல் விட்டுவிட்டேன். கோத்தகிரிப் பனி சும்மா விடுமா? காலையில் சுவரெங்கும் மஞ்சள் துரு. மறுபடியும் மலையிறங்கினேன். மலையில் இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்: பளபளக்கும் வெற்று இரும்பு ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

அப்புறம் புது ரிங்கை உள்ளே வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியில், அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டேன். 0.25 மி.மீ. தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தது. அந்த உரசல் விரலில் தெரிந்ததும், அளவு சரி என்று அப்படியொரு நிம்மதி! கிராங்க் பேரிங் பழையதே போதுமாக இருந்தது. எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காமல் புதிதே போட்டேன்.

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு குஞ்சப்பனை வழியாக வந்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மூடுபனி மட்டும்தான்.