ஓதம் பார்த்து ஒரு விடுமுறை

அந்தமானின் நீல் தீவில் போய் இறங்கிய முதல் நாள், முற்பகல் பதினொரு மணி அளவில், இயற்கைப் பாலத்தைப் பார்ப்பதற்காக மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பவளப்பாறையைக் கடல் குடைந்து உண்டாக்கிய வளைவு அது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து இத்தீவில் குடியேறிய வங்காளிகள் தங்கள் நினைவில் இருந்த ஹவுரா பாலத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். மரங்களுக்கிடையே சரிந்து செல்லும் பாதையில் இறங்கிக் கரையில் நின்றபோது, கண்ணுக்கு எதிரே கடல் மட்டும்தான் இருந்தது. பாறைகளின் மேல் நடந்து போக வேண்டிய வழி முழுவதும் இடுப்பளவு நீரில் மூழ்கிக் கிடந்தது. திரும்பி வந்தோம். எங்களை அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநரின் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். "கெளம்பும்போதே சொல்லலாம்னு பார்த்தேன் சார், நீங்க கேக்கலையே. இப்ப தண்ணி ஏறிக் கெடக்கு. நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாசல்ல நில்லுங்க, நான் வர்றேன்" என்றார்.

எந்த மணிக்கு எந்த இடம் என்று அட்டவணை போட்டு, அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டும் போயிருந்தேன். அன்று மாலையே அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கைப்பேசியில் போர்ட் பிளேரின் ஓத அட்டவணையைத் தேடி எடுத்தேன். தீவு விடுமுறையில் என்னென்ன செய்யலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு இப்போது நான் சொல்வதும் இதைத்தான்: இடங்களின் பட்டியலை அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள், முதலில் நீங்கள் போகும் நாட்களில் கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வடிகிறது என்று பாருங்கள்.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது உறைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டரளவுதான். கரையும் சரிவானது என்பதால், மெரினாவில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தாலும் கடல் இருந்த இடத்திலேயே இருப்பதாகத்தான் தோன்றும். அந்தமானிலோ அதே நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்குகிறது. கரையை ஒட்டிப் பவளப்பாறைத் திட்டு மேசைபோல் தட்டையாகப் பரந்திருப்பதால், அந்த 2 மீட்டர் வடியும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கி, காலையில் நீச்சலடித்த இடத்தில் மாலையில் செருப்போடு நடக்கலாம் என்றாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. ஒவ்வொரு நாளும் அவை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு மிகவும் குறைந்துவிடும் என்பதால், பாறைக் குட்டைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டு நாட்காட்டியில் பௌர்ணமியையோ அமாவாசையையோ பார்த்துப் பயணச்சீட்டு எடுப்பது நல்லது. நாங்கள் போனது பிப்ரவரியில், பௌர்ணமிக்கு மறுநாள். நல்ல நாளில்தான் போயிருக்கிறோம், நேரம்தான் தவறு.

மறுநாள் ஐந்தரை மணிக்கு அதே பாதையில் இறங்கினோம். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. முந்தைய நாள் கடலாக இருந்த இடத்தில் பழுப்பும் பச்சையுமாகப் பாறைத் தரை விரிந்து கிடந்தது. அதன் குழிகளிலெல்லாம் தெளிந்த நீர் தங்கியிருந்தது. பாலத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம். மீதி ஒன்றரை மணி நேரமும் அந்தக் குட்டைகளின் ஓரத்தில்தான் கழிந்தது. ஒரு குட்டையில், சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறிய ராட்சதச் சிப்பி ஒன்று பாறையில் புதைந்திருந்தது. ஓட்டின் நெளிந்த விளிம்புகளுக்கிடையே, மயில்கழுத்து நிறத்தில், பட்டுப்புடவையின் கரையை மடித்து வைத்ததுபோன்ற சதை தெரிந்தது. மகள் குனிந்தபோது அவள் நிழல் அதன்மேல் விழுந்ததுதான் தாமதம், சதை சட்டென்று உள்ளே சுருங்கியது. அசையாமல் காத்திருந்தோம். ஒரு நிமிடம் கழித்து, முதலில் ஒரு ஓரம், பிறகு மறு ஓரம் என்று மெல்ல வெளியே வந்தது. அவள் வேண்டுமென்றே இன்னொரு முறை கையை நீட்டி நிழல் காட்டினாள். அதற்கு மேல் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

அங்கே எனக்கு வருத்தம் தந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு மேல் கூட்டம் வரத் தொடங்கியதும், வழிகாட்டி ஒருவர் குட்டையிலிருந்து கடல் அட்டையை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடல் அட்டை, பவளம், ராட்சதச் சிப்பி எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. யாராவது அப்படி நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கிப் பிடிக்க ஆள் இருப்பதால்தான் அவரும் எடுக்கிறார். உயிருள்ள பவளத்தின்மேல் கால் படாமல் மணலும் வெற்றுப்பாறையும் உள்ள இடமாகப் பார்த்து மிதியுங்கள். அடி வழுக்காத ரப்பர் செருப்பு இல்லாமல் அந்தப் பாறையில் இறங்காதீர்கள், பிளேடுபோல் கிழித்துவிடும்.

ஓதத்துக்கு அடுத்தபடியாக மாற்றிக்கொள்ள வேண்டியது தூங்கும் நேரம். போர்ட் பிளேர் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே இருந்தாலும் கடிகாரம் என்னவோ ஒன்றுதான். ஆகவே சூரியன் அங்கே நம்மைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதித்து, 50 நிமிடம் முன்னதாக மறைகிறது. பிப்ரவரியில் ஐந்தரைக்கெல்லாம் அந்தி சாய்ந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து, சாவகாசமாகச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புகிறவர்கள் பகலில் கால்வாசியைப் படுக்கையிலேயே தொலைக்கிறார்கள்.

அடுத்த நாள் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். 2018 டிசம்பரில் இதற்கு ஸ்வராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீவிஜயபுரம். ஆனால் படகுத்துறையில் பழைய பெயரைச் சொன்னாலும் புரிந்துகொள்கிறார்கள். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், மேற்கு நோக்கிய அதன் அந்தியைப் பற்றியும்தான். நான் சொல்ல விரும்புவது அங்கே தரையில் நடப்பதைப் பற்றி. அன்று மாலை நீர் வடிந்துகொண்டிருந்தது. ஈரமணலில் கடுகளவும் மிளகளவுமாக ஆயிரக்கணக்கான மணல் உருண்டைகள், ஒரு துளையை நடுவில் வைத்துப் பூக்கோலம்போலப் பரவியிருந்தன. குந்தி உட்கார்ந்து பார்த்தால், விரல்நகம் அளவுள்ள நண்டு ஒன்று துளையிலிருந்து வெளிவருகிறது. மணலை வாய்க்குக் கொண்டுபோய், அதில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, மிஞ்சிய மணலை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. அடுத்த ஏற்றத்தில் கோலம் முழுவதும் அழிந்துவிடும். சூரியன் மறைந்ததை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் மணல் ஈக்கள் கடிக்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. கணுக்காலில் தடிப்பு ஒரு வாரம் இருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.

நீருக்குள் இறங்குவதைப் பற்றி. நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளரோடு, காற்று உருளையைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா செய்யலாம்; அவர் முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டே அழைத்துப் போவார். இரண்டு மீட்டர் இறங்கியதுமே காது அடைத்து வலிக்கத் தொடங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அந்த அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். வலித்த பிறகு ஊதாமல், வலிக்குமுன் இறங்க இறங்க ஊதிக்கொண்டே போக வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். ஸ்கூபா முடித்த 18 மணி நேரத்துக்குள் விமானம் ஏறக்கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும்போது குமிழிகளாகி ஆபத்தை உண்டாக்கும். ஆகவே அதைப் பயணத்தின் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முகமூடியும் குழாயும் வைத்து மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்க்கெல்லிங்கே போதும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் கணுக்கால்கூட நனைக்க வேண்டாம். அந்தமானின் உப்புநீர் முதலைகள் கதையல்ல. 2010இல் ஹேவ்லாக்கிலேயே ஓர் உயிர் போயிருக்கிறது.

இரவில் அலையாத்திக் காடுகளுக்கிடையே துடுப்புப் படகில் போய், கடல் ஒளிர்வதைப் பார்க்கலாம். துடுப்பு பட்டுக் கலங்கும் நீரில் நுண்ணுயிர்கள் நீலமாக மின்னும். அதற்கு இருட்டு வேண்டும். நாங்கள் பௌர்ணமி கழிந்து நான்காம் நாள், நிலா எழுவதற்கு முன்பே போய்த் திரும்பியதால் தப்பித்தோம். அமாவாசையில் போகிறவர்களுக்குக் குட்டைகளும் கிடைக்கும், ஒளியும் கிடைக்கும்.

செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. பாராடங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கப் பெரும்பாலோர் செல்லும் சாலை, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டை ஊடுருவிச் செல்கிறது. அந்தச் சாலையை மூடும்படி 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012இல், உணவுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காணொளி வெளியாகி உலகமே முகம் சுளித்தது. வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று விதிகள் இருக்கின்றன. ஆனாலும் ஜன்னலோரத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் எதைப் பார்க்கப் போட்டி போடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

போர்ட் பிளேருக்கு ஒரு நாள் போதும். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றுதான் இன்று எஞ்சியிருக்கின்றன. மாலை ஒலி ஒளிக் காட்சியைவிட, காலையில் கதவு திறந்ததும் மேல்தளத்துக் கொட்டடி ஒன்றில் தனியாக ஐந்து நிமிடம் நிற்பதையே நான் சொல்வேன். எதிரே உள்ள ராஸ் தீவில், ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்த கட்டடங்களை இப்போது ஆலம் விழுதுகள் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கின்றன. பங்குனியில் போகிறவர்கள் வெற்றிமலை முருகன் கோயிலில் உத்திரம் பார்க்கலாம்; காவடியும் நம்மூர்க் கூட்டமுமாக இருக்குமாம்.

திரும்பும் நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காற்று வலுத்தால் தீவுகளுக்கிடையே படகு ஓடாது. எங்கள் படகும் ஓடவில்லை. முன்கூட்டியே யாரும் சொல்லவுமில்லை, துறைமுகத்து வெயிலில் நாலு மணி நேரம் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரிலேயே கழிப்பதாக வைத்திருந்ததால்தான் பிழைத்தோம்.

ஹேவ்லாக்கில் மகள் பொறுக்கிய சங்குகளில் ஐந்தை அறை வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்திருந்தாள். சங்கும் பவளமும் எடுத்துப் போனால் விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள், திரும்பப் போட்டுவிடு என்று இரவு சொல்லியிருந்தேன், அழுதுகொண்டே தூங்கினாள். காலையில் பார்த்தால் நான்குதான் இருந்தன. ஐந்தாவது, வாசல்படி தாண்டி, தென்னை மரத்தடியில் பக்கவாட்டில் சாய்ந்தபடி கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. மீதி நான்கையும் அவளே உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, நீர் ஏறி நிற்கும் கோடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.