பத்தொன்பது வோல்ட்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில்தான் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தமும் உப்புக் காற்றும் சேர்ந்தே உள்ளே வரும். அந்தக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. வீட்டுக் கரண்டை வேண்டிய குறைந்த வோல்ட்டாக்கித் தருகிற என் பவர் சப்ளையின் மூடியில் எட்டு ஸ்குரூ. அதில் மூன்று துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மூடியைக் கழற்றி முடிக்க முக்கால் மணித்தியாலம் போய்விட்டது.

பதினொரு வருசத்துக்கு முன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழசாக வாங்கின சாமான். 0 முதல் 30 வோல்ட் வரை, 5 அம்பியர். அக்காவின் மகன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். ஏசி கரண்டை டிசியாக்குகிற முழு அலைச் சீராக்கல் சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். "நாலு டயோட், ஒரு கப்பாசிற்றர், அவ்வளவுதானே சின்னம்மா?" என்றான். வா, திறந்தே பாப்பம் என்றேன்.

திறக்க முதல் அவனைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கையை இழுக்கிற பாரம். உள்ளே பெரிய ரான்ஸ்போமர் இருக்கிறது, 230 வோல்ட் முதலில் அதில் இறங்கித்தான் மற்றதுக்குப் போகிறது என்பதற்கு அந்தப் பாரம்தான் அடையாளம். பாரமில்லாத, புதுமாதிரி சப்ளை என்றால் அவனோடு சேர்ந்து திறந்திருக்கவே மாட்டேன். அவற்றில் வீட்டுக் கரண்ட் நேரே சீராக்கப்பட்டு 325 வோல்ட் அளவில், சார்ஜைத் தேக்கி வைக்கிற கப்பாசிற்றரில் நிற்கும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையும் அந்த இனம்தான். பழகத் தொடங்கும் பிள்ளைகள் அதில் கை வைக்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம்.

"சுவிட்சை நிப்பாட்டியாச்சு" என்றான். காணாது. பழைய வீடுகளில் லைனும் நியூட்ரலும் மாறிக் கொடுத்த சொக்கற்றுகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படியான இடத்தில் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும். உள்ளே லைன் அப்படியே இருக்கும். பிளக்கைக் கழற்றி, மேசையில், எங்கள் இரண்டு பேரின் கண்ணுக்கும் முன்னால் வைத்தோம்.

மூடி போனதும் அவன் விரல் நேரே அந்த நீலக் கப்பாசிற்றருக்குப் போனது. "பொறடா!" என்று கையைப் பிடித்துவிட்டேன். முதலில் மல்ரிமீற்றரை 9 வோல்ட் பற்றரியில் வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தோம். பிறகு கப்பாசிற்றரின் இரண்டு காலிலும் வைத்தான். 19.4.

பிளக்கைக் கழற்றி முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு! வீட்டு ட்ரிப் சுவிட்சுக்கு இந்தச் சார்ஜ் இருப்பதே தெரியாது. 19 வோல்ட் ஆளை அடிக்காது, உண்மைதான். ஆனால் 10,000 மைக்ரோஃபரட் அளவான பெரிய கப்பாசிற்றரில் தேங்கி நிற்கிற 19 வோல்ட், மோதிரமோ ஸ்குரூட்ரைவரோ குறுக்கே பட்டால் பொறி பறக்கவிடும். உலோகம் உருகித் தெறிக்கும்.

சிலர் ஸ்குரூட்ரைவராலேயே ஷோர்ட் பண்ணி இறக்குவார்கள். எனக்கு அது பிடிக்காது, கப்பாசிற்றருக்கும் கேடு. 1,000 ஓம், 10 வாட் வெள்ளை ரெசிஸ்ரர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் கிளிப் பூட்டி வைத்திருக்கிறேன். அதை மாட்டி ஒரு நிமிசம் விட்டோம். கழற்றிவிட்டு அளந்தால் சைபர். அவனை அளந்துகொண்டே இருக்கச் சொன்னேன். எண் மெல்ல ஏறி 0.3க்கு வந்தது. கப்பாசிற்றர் தனக்குள் ஊறிப்போனதைத் திரும்பக் கொஞ்சம் தரும். திரும்பவும் மாட்டினோம்.

அதுக்குப் பிறகுதான் ஆறுதலாகப் பார்த்தோம். போனில் நாலு பக்கமும் படம் எடுத்தான். நாலு டயோட் எங்கே என்று தேடினான். நாலு காலோடு சதுரமான ஒரே கறுப்புக் கட்டியாக இருந்தது. சூட்டை வெளியே விடுகிற ஹீட்சிங்கில் இரண்டு 2என்3055 ரான்சிஸ்ரர். அந்த உலோக உடம்பேதான் அதன் ஒரு முனையான கலெக்டர், அதனால் கரண்ட் ஹீட்சிங்குக்குப் போகாமல் அடியில் மெல்லிய மைக்காத் தகடும் வெள்ளைப் பசையும். குமிழைத் திருப்பும்போது 15 வோல்ட் கிட்ட கேட்கிற 'டிக்' என்ன என்று முந்தி ஒருநாள் கேட்டிருந்தான். கரண்டாலேயே மாறுகிற சுவிட்சான ரிலேயைக் காட்டினேன். 42 வோல்ட் உள்ளே வர, வெளியே 5 வோல்ட்டில் 5 அம்பியர் எடுத்தால், மிச்சம் 37 வோல்ட்டும் அந்த ரான்சிஸ்ரர்களில்தான் விழும். 185 வாட் சூடு. அதனால் குறைந்த வோல்ட்டுக்கு ரிலே ரான்ஸ்போமரின் பாதிச் சுற்றை மட்டும் எடுக்கிறது. கணக்கை அவனே போட்டுப் பார்த்துவிட்டு அந்த ரிலேயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாடப் புத்தகத்தில் அந்த 'டிக்' இல்லையே.

19 வோல்ட் ஏன் நின்றது என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். கப்பாசிற்றருக்குக் குறுக்கே சார்ஜை இறக்குவதற்கென்றே 2,200 ஓம் ரெசிஸ்ரர் ஒன்று இருக்கிறது. டோர்ச் வெளிச்சத்தில் அதன் ஒரு காலைச் சுற்றி மயிரளவு வட்ட வெடிப்பு. வருசக்கணக்காகச் சூடாகிச் சூடாகி ஆறினதில் சோல்டர் விட்டிருக்கிறது. சப்ளை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இந்த ஒன்று மட்டும் எப்போது போனதென்று தெரியாமலே போயிருக்கிறது. எத்தனை நாள் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தேனோ.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாகப் பிடித்தோம். பச்சை மஞ்சள் எர்த் வயர் பெட்டியோடு இறுக்கமா என்று பார்த்தோம்: பிளக்கின் எர்த் காலிலிருந்து பெட்டிவரை 0.4 ஓம். மீற்றரின் கிளிப்புகளை முதலே கப்பாசிற்றரில் மாட்டி, வயரைப் பின் ஓட்டையால் எடுத்து, மூடியைப் பூட்டின பிறகுதான் கரண்ட் கொடுத்தேன். குமிழை 30க்குத் திருப்பினான். 'டிக்.' மீற்றரில் 42. பிளக்கைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அவன் போனில் நேரம் பார்த்து வாசித்தான். இருபத்திரண்டாவது செக்கனில் 15 சொச்சம். ஒரு நிமிசத்தில் 2.6. இரண்டு நிமிசத்தில் 0.2க்கும் கீழே.

"இனித் திறந்து கை வைக்கலாமா சின்னம்மா?"

"பிளக் எங்க?" என்றேன்.

தூக்கிக் காட்டினான்.