பீட்டாவைத் தள்ளிவைத்த கேபிள்

பல கணினிகளை ஒன்றாக இயங்கவைக்கும் எங்கள் கட்டற்ற கொத்தணி மென்பொருளைக் கிளிநொச்சி வீட்டு விறாந்தையில் மூன்று பழைய கணினிகளில் சோதிக்கிறேன். நேற்று ஒன்றின் வலைக் கேபிளைப் பிடுங்கினேன். மற்ற இரண்டும் பெரும்பான்மை, தரவு எழுதும் உரிமை அவற்றுக்குத்தான். தனித்துப்போனது தானாக ஒதுங்கியிருக்க வேண்டும். அதுவோ தானே தலைவன் என்று எழுதிக்கொண்டேயிருந்தது! தரவு இரண்டுபட்டது.

அதனால் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, தள்ளிவைத்துவிட்டேன். புதிய இடைமுகம் எழுதியவருக்குக் கோபம். அவருடைய இடைமுகம் இனி அடுத்த பதிப்புக்குத்தான். பெரிய கொத்தணி மென்பொருளான குபர்நெட்டிஸே 2021 முதல் ஆண்டுக்கு மூன்று பதிப்புகளோடு நிற்கிறது. ஐந்தே பேரான எங்களுக்கு என்ன அவசரம்? டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப்போல், புதிய மாற்றங்களைக் குறைத்துப் படிப்படியாக உறையவைப்போம், கடைசியில் பிழைதிருத்தம் மட்டும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தானே சிறுபோக நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள் என்றார் அப்பா. எங்கள் பதிப்பும் அப்படித்தான், தயார்நிலையைப் பார்த்தே. நாளை இரண்டாவது கேபிளைப் பிடுங்குகிறேன்.