லாவெண்டருக்கு மூடாக்கு வேண்டாம்

இயற்கைத் தோட்டக்காரர்கள் கையில் லாவெண்டர் பெரும்பாலும் கவனிப்பு கூடித்தான் சாகிறது. மண்புழு உரம், ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசல், அடியில் வைக்கோல் சருகு பரப்பிய அரையடி மூடாக்கு எல்லாம் வாழைக்கும் கத்தரிக்கும் சரி. இது மத்தியதரைக்கடல் பக்கத்துக் கல்லும் சரளையுமான சரிவில் வளரும் செடி. சத்து மிஞ்சினால் இலை தழைக்கும், பூ குறையும், தண்டு இளகிச் சாயும். தண்டடியில் ஈரம் நின்றால் வேரழுகல் வந்துவிடும்.

அதனால் இயற்கையின் போக்கைப் பின்பற்றி அமைக்கும் பெர்மாகல்ச்சர் தோட்டத்தில் வேறெதுவும் வளராத வறண்ட மூலையை இதற்குக் கொடுங்கள். மூலிகைச் சுருள்மேடு (சுருளாக உயரும் மூலிகைப் பாத்தி) இருந்தால் அதன் உச்சி, இல்லையென்றால் வெயில் படும் கல்சுவர் ஓரம். தினம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். ரோஸ்மேரி, தைம், ஒரிகானோ பக்கத்தில் இருக்கலாம். தண்ணீர் கேட்கும் புதினா கூடாது. பூசணி, வெள்ளரிக்கு லாவெண்டர் தேனீயை அழைத்து வரும் என்பது உண்மை. பூச்சியை விரட்டும் என்று நம்பி மட்டும் வைக்காதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் குளிர் இதற்கு ஒத்துவரும், அங்குள்ள புளிப்பு மண் ஒத்துவராது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6.5 முதல் 7.5 வரை இருக்கணும். சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளை நடுவதற்கு ஒரு மாதம் முன்பே கலந்து, திரும்ப அளந்து பார்த்து, போதாவிட்டால் இன்னொரு முறை போடுங்கள். மழைக்காலத்தைத் தாங்க ஒன்றரை அடி மேட்டுப்பாத்தி. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிப்ஸ் ஜல்லி அல்லது பெருமணல். எம்-சாண்ட் என்றால் சலித்துத் தூசியை நீக்கிவிடுங்கள். தூசி மண்ணோடு சேர்ந்து இறுகி வடிகாலையே அடைத்துவிடும். மட்கிய உரம் குழிக்கு ஒரு கைப்பிடி, அதோடு சரி. இடைவெளி இரண்டரை அடி. மேலே வைக்கோலுக்குப் பதில் ஓர் அங்குலம் ஜல்லி.

நர்சரியில் வெறும் 'லாவெண்டர்' என்று தருவது பல சமயம் டென்டேட்டா வகை. இலை விளிம்பில் ரம்பப் பல் தெரியும், கசக்கினால் கற்பூர நெடி தூக்கும். சமவெளியில் தொட்டியில் முயல்கிறவர்களுக்கு இதுதான் வழி. இலை விளிம்பு வழவழவென்று இருக்கும் இங்கிலீஷ் வகை குளிர்காலம் இல்லாமல் சரியாகப் பூக்காது. சமையலுக்கு ஏற்றது அதுதான்.

நுனி துவண்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் போய்விட்டது, செடியைக் காப்பாற்ற முடியாது; நல்ல நுனிகளை வெட்டிப் போத்து வையுங்கள். பூக்காத இளந்தண்டு, மூன்று நான்கு அங்குலம், கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு மணல் கலந்த மண்ணில் நிழலில் வைத்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும்.

கவாத்துதான் பலரும் தவறவிடுவது. பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டணும், அதுவும் பெருமழைக்கு முன்பே. தண்டைக் கீழிருந்து பாருங்கள்: இலையே இல்லாத பழுப்புக் கட்டை முடிந்து குட்டிக் குட்டிப் பச்சைத் துளிர் தொடங்கும் இடம் தெரியும். அதற்கு இரண்டு அங்குலம் மேலே வெட்டுங்கள். கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. கவாத்தே செய்யாமல் விட்டால் நடுவில் பிளந்து கட்டையாகிவிடும்.

காயவைக்க, கதிரில் பாதிப் பூ விரிந்ததும் பனி உலர்ந்த காலையில் அறுங்கள். கட்டைவிரல் பருமனுக்குச் சிறு கட்டாகக் கட்டி, காற்றோட்டமான இருட்டு அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரம் ஆகும். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். தண்டு ஒடித்தால் படக்கென்று முறியணும். வளைந்தால் பாட்டிலில் அடைக்காதீர்கள்.