எல்லாம் ஹார்மோனா?

பிப்ரவரி 11, 2024

ஒன்பதாவது வாரம். பஸ் ஸ்டாண்ட் பக்கமே போக முடியவில்லை. டீசல் புகையும் பஜ்ஜி எண்ணெய் வாடையும் சேர்ந்து குடலைப் புரட்டுகின்றன. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் இரண்டாவது கோடு விழ வைக்கிற எச்சிஜி ஹார்மோன் இந்த வாரங்களில்தான் உச்சத்துக்குப் போகுமாம். ஆனால் மசக்கைக்கு முக்கியக் காரணம் ஜிடிஎஃப்15 என்ற இன்னொரு ஹார்மோன் என்று போன டிசம்பரில் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அது நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலந்து மூளையில் குமட்டலைக் கிளப்புகிறது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மார்லீனா ஃபெய்சோவுக்கே 1999-ல் கடும் மசக்கை வந்து, குழந்தை தங்காமல் போயிருக்கிறது. மற்றவர்கள் கவனிக்க வேண்டும் என்று அவர் மிகைப்படுத்துவதாக அப்போதைய டாக்டர் நினைத்தாராம். படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு மசக்கையே தேவலை.

மார்ச் 5

மதிய மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் தலை சாய்ந்துவிடுகிறது. கர்ப்பத்தில் ஏறும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் உடைந்து உண்டாகும் ஒரு பொருள், சில தூக்க மாத்திரைகள் வேலை செய்கிற அதே இடத்தில்தான் மூளையில் போய் உட்காருகிறது. சரி, தூங்குகிறேன்.

ஜூன் 24

நேற்று வளைகாப்பு. இரண்டு கையிலும் வளையல், கன்னத்தில் சந்தனம். அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான், பிரசவம் முடிந்ததும் நான் வேலையை விட்டுவிடப் போவதாக இவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே சத்தம் போட்டேன். "விடுங்க, அவளுக்கு ஹார்மோன்" என்று சிரித்துவிட்டார்.

ஈஸ்ட்ரோஜென் இப்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டிவியில் நகைக்கடை விளம்பரத்தில் அப்பா பெண்ணைக் கட்டிக்கொண்டால் கண் கலங்குகிறது, அது ஹார்மோனாக இருக்கலாம். கேட்காமல் முடிவெடுத்தால் எனக்கு எந்த மாதத்திலும் கோபம் வரும். ராத்திரி அவரிடமே சொன்னேன். பதில் இல்லை. காலையில் காபி மட்டும் வந்தது.

செப்டம்பர் 16

பெண் குழந்தை. 12-ம் தேதி பிறந்தாள். இன்று காலை அம்மா பூண்டு ரசத்தை ஊற்றிவிட்டு "போதுமா கண்ணு?" என்றாள். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழுகை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. "பச்ச உடம்புக்காரி அழக் கூடாது, பால் வத்திப்போகும்" என்று அம்மா பதறினாள்.

நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறு. இத்தனை மாதம் ஈஸ்ட்ரோஜெனையும் புரொஜெஸ்டிரோனையும் கொட்டிக்கொண்டிருந்தது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்ததும் சில நாளிலேயே இரண்டும் சரிந்துவிடுகின்றன. பால் பெருகாமல் பிடித்துவைத்திருந்ததும் அதே புரொஜெஸ்டிரோன்தான். அது இறங்கினால்தான் பால் சுரக்க வைக்கும் புரொலாக்டின் தன் வேலையைத் தொடங்கும். நேற்று ராத்திரி மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, காலையில் அழுகை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது அந்தச் சரிவுதான். பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த அழுகை வருமாம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்குமாம். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவிட்டால் இன்னும் சீக்கிரம் அடங்கும் என்பது என் கட்சி.

அக்டோபர் 20

அழுகை எப்போதோ நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டால்கூட நைட்டி நனைகிறது, பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் ஆள் பார்ப்பதில்லை.

சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். போனில் "நான் இல்லாட்டி பாப்பா நல்லா இருக்கும்க்கா" என்றாள். சாப்பிடுவதில்லை, குழந்தை தூங்கினாலும் தூங்குவதில்லை. காத்துக் கருப்பு என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அன்றே 14416-க்குப் பேச வைத்தேன். இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுகிறார்கள். மறுநாள் சித்தி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெட்டாலும் இப்படிச் சோர்வு வரும் என்று ரத்தமும் எடுத்தார்கள்.

நவம்பர் 3

சித்தி மகளுக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. அது பாலில் கலக்காதா என்று அவள் மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். டாக்டர் பால் கொடுப்பது தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று நானே பேசினேன். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று ஆரம்பித்தவர், தன் மூன்று பிரசவத்தையும் அரைமணி நேரம் சொன்னார். அப்புறம், வெள்ளிக்கிழமை டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொல்லி போனை வைத்தார்.