ஓடுபாதை ஓரத்துத் தோட்டம்

பெர்லின் போகிறவர்கள் பிராண்டன்பர்க் வாசலையும் சுவரின் மிச்சத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அரை நாள் கையில் இருந்தால் யூ8 சுரங்க ரயிலில் போடின்ஸ்ட்ராஸேயில் இறங்கி மேற்கே நடந்து பாருங்கள். அடுக்குமாடி வீடுகள் முடிந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, நடுவே இரண்டு பெரிய ஓடுபாதைகள். 2008இல் மூடப்பட்ட டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் அது. நொய்கோல்ன் என்ற குடியிருப்புப் பகுதியை ஒட்டிய அதன் ஓரத்தில் 2011இல் அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய அல்மெண்டே-கோண்டோர் கூட்டுத்தோட்டம் இருக்கிறது.

நான் போன சனிக்கிழமை வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த இளம் தன்னார்வலர்கள் சிலர் அங்கே வேலையில் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்ற என் கையிலும் ஒரு கூடைச் சருகு வந்து சேர்ந்தது.

இங்கே தரையைத் தோண்ட அனுமதி இல்லை. அதனால் எல்லாமே பெட்டிப் பாத்திதான். பழைய பலகை, கட்டில் சட்டம், குளியல் தொட்டிகூட உண்டு. அடியில் சுள்ளி, அதன்மேல் சருகு, அப்புறம் மக்கிய உரம், கடைசியில் மண். அடியில் இருப்பது மக்க மக்கச் சூடு கிளம்பும். குளிர் ஊரில் நாற்றுக்கு அது பெரிய உதவி.

ஒரு துருக்கி அம்மாவின் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்த போலந்துப் பையன் கிளைகளை முழுசாகவே உள்ளே திணித்தான். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். ஒரு கிளையை முழங்காலில் வைத்து ஒடித்துக் காட்டிவிட்டு மிச்சத்தை அவனிடம் நீட்டினார். அவன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒடித்தான். மதியம் திராட்சை இலையில் சுருட்டிய சோறு எங்கள் எல்லோருக்கும் வந்தது. அவனுக்கு மட்டும் இரண்டு கூடுதல்!

அவன் அங்கே வேலை செய்தது என்னைத் தொட்டதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஸ்டூகா குண்டுவீச்சு விமானங்களை இதே டெம்பெல்ஹோஃபில்தான் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டினார்கள். அந்த வேலைக்குக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்களில் போலந்துக்காரர்கள் பலர். போர் முடிந்து மூன்றே வருடத்தில், 1948–49இல் சோவியத் யூனியன் மேற்கு பெர்லினை முற்றுகையிட்டபோது, நேற்றுவரை எதிரிகளாயிருந்த அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் இதே நகரத்துக்கு மாவும் நிலக்கரியும் வானத்தில் சுமந்து வந்தார்கள். அமெரிக்க விமானங்கள் இங்கேதான் இறங்கின.

பல நாட்டு இளைஞர்கள் ஒன்றாக உடல் உழைப்பு செய்யும் பழக்கமும் போரிலிருந்து பிறந்ததுதான். 1920இல் சுவிட்சர்லாந்தின் பியர் செரெசோல், பிரான்சின் வெர்டுன் போர்க்களத்தருகே முதல் உலகப்போரில் சிதைந்த ஒரு கிராமத்தைத் திருப்பிக் கட்ட ஆள் சேர்த்தார். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு அவர் நம் நாட்டுக்கும் வந்து வேலை செய்தார்.

இந்த வெளியின் ஓரங்களில் வீடு கட்ட நகர அரசு திட்டமிட்டபோது, 2014 பொது வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்றார்கள். பெர்லினில் வீட்டுப் பஞ்சம் உண்மைதான், அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் இந்த இடத்தை விட்டுவைத்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோடையில் போனால் சும்மா சுற்றிப் பார்க்காமல் வேலை ஏதும் உண்டா என்று கேளுங்கள். தண்ணீர் தூக்க ஆள் வேண்டியிருக்கும்.